சுருட்டுகிற திரை வரட்டும், உடைந்தால் யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் சுருட்டி வைக்கும் திரைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் பக்கத்துக் கடைக்காரத் தம்பி கத்தரித்து எடுத்துவந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். "இனி உங்க பொழப்பு போச்சுண்ணே, உடையாத திரை வருதாம்" என்று ஒரு சிரிப்பு வேறு. மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பெட்டி டிவி, அதற்கும் முன் ரேடியோ. திரை உடைவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் முழுக் கடிதமும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் திரைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சுருட்டும் திரை என்றதும் எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். தோட்டத்தில் திருவிழா முடிந்த இரவு இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் படம் போடுவார்கள். தூறல் விழுந்தால் ஒருவர் புரொஜெக்டருக்குக் குடை பிடிக்க, நாலு பேர் ஓடிப்போய்த் துணியைச் சுருட்டுவார்கள். ஒரு வருஷம் காற்றில் அது நடுவில் கிழிந்துபோனது. தையல்காரரிடம் கொடுத்துக் குறுக்கே ஒரு தையல் போட்டு வாங்கினார்கள், அடுத்த வருஷம் எம்.ஜி.ஆரின் நெற்றியில் அந்தத் தையல் கோடாகத் தெரிந்தது, ஒருவரும் கவலைப்படவில்லை. அவரும் இந்த மலையில் பிறந்தவர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதுபோக, சுருட்டுவதன் அருமை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காமராவில் பாயைச் சுருட்டினால்தான் காலையில் நடக்க இடம் கிடைக்கும். மடக்குக் கதிரை, சுவரில் சாய்க்கும் மேசை, கட்டிலுக்கு அடியில் பெட்டி என்று எல்லாமே ஒதுக்கி வைக்கும் சாமான்தான். அந்த வீட்டில் ஒதுங்காமல் நின்றது ஒன்றே ஒன்று, டிவி. 1982இல் அரச தொலைக்காட்சி ரூபவாஹினி தொடங்கி, பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து படம் வரத் தொடங்கிய பிறகு எங்கள் லயத்துக்கு முதல் பெட்டி வந்தபோது அதை வைக்க அம்மாயியின் கட்டிலை இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, தள்ளினார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சுருட்டி மூலையில் வைக்கும் டிவி நிஜமாகவே வேண்டும். நடந்தது என்ன? எல்ஜி கம்பனி 65 அங்குலச் சுருள் டிவியை 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸில் காட்டி, 2020 ஒக்டோபரில் தென்கொரியாவில் விற்பனைக்கு விட்டது, விலை பத்துக் கோடி வொன். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 87,000 டொலர், நம் காசுக்கு ஒன்றரைக் கோடி ரூபாவுக்கும் மேல். ஒன்றரைக் கோடிக்கு டிவி வாங்குகிறவர் வீட்டில் இடத்துக்கா பஞ்சம்?

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. "வளையும் கண்ணாடியால் ஆன திரை, ஆகவே உடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கடைக்கே வந்து விசாரித்தார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய எல்.சி.டி. திரை வளையாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய திரவம், பின்னால் ஒரு விளக்கு. வளைத்தால் இரண்டு கண்ணாடிக்கும் இடையில் உள்ள இடைவெளி மாறும், படம் குழம்பும், இன்னும் வளைத்தால் டப்பென்று போய்விடும். ஓ.எல்.ஈ.டி. என்பது வேறு சாதி. கரிமச் சேர்மங்களைப் பூச்சாகப் பூசி மின்சாரம் கொடுத்தால் அந்தப் பூச்சே ஒளிரும், பின்னால் விளக்கு தேவையில்லை. கோடக் கம்பனியில் வேலை செய்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரண்டு பேர் 1987இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒளிரும் பூச்சின் தடிப்பு ஒரு மைக்ரோன்கூட, அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, வராது, தலைமுடி அதைப்போலப் பல பத்து மடங்கு தடிப்பு. அவ்வளவு மெல்லியது எதன்மேல் ஒட்டியிருக்கிறதோ அதனுடன் சேர்ந்து வளையும். கண்ணாடிமேல் பூசினால் வளையாது, பிளாஸ்டிக்மேல் பூசினால் வளையும்.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் சரிவராது, ஏனென்றால் திரைக்குள் இருக்கும் நுண்ணிய சுற்றுகளை நானூறு பாகை செல்சியஸைத் தொடும் சூட்டில்தான் செய்ய வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் உருகிப்போகும். தாங்குவது பொலிஇமைட் என்ற ஒன்று. என் கடையில் ஹீட் கன் பிடிக்கும்போது பக்கத்துப் பாகங்களைக் காப்பாற்ற ஒரு தேன்நிற டேப் ஒட்டுவேன், போன் திருத்துகிற எல்லாருடைய மேசையிலும் அது உருண்டு கிடக்கும், அதே இனம்தான். திரவமாக இருக்கும் பொலிஇமைட்டை ஒரு கண்ணாடிமேல் ஊற்றிப் பரப்பி, சூட்டில் இறுக வைத்து, அதன்மேல் சுற்றுகள், அதன்மேல் ஒளிரும் பூச்சு, அதன்மேல் மூடி என்று எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு அடியிலிருந்து லேசர் பாய்ச்சி, கல்லிலிருந்து தோசையைக் கிளப்புவதுபோலத் தனியாகக் கிளப்பி எடுக்கிறார்கள். லேசர்தான் அங்கே தோசைக்கரண்டி. விலை உயர்ந்த போன்கள் பலவற்றில் இப்போதே இந்தப் பிளாஸ்டிக் திரைதான் இருக்கிறது, மேலே கெட்டிக் கண்ணாடி ஒட்டி வளையாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2017இல் வந்த ஐபோன் எக்ஸும் அப்படித்தான்.

மடக்கும் போனில் அந்தக் கெட்டிக் கண்ணாடியைப் போட முடியாதே. முதலில் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். 2020இல் சம்சுங்கின் இசட் ஃபிளிப் வந்தபோது 30 மைக்ரோன் தடிப்பில் ஒரு கண்ணாடி போட்டார்கள், அதாவது ஒரு மில்லிமீற்றரை முப்பத்துமூன்றாகக் கிழித்தால் வரும் தடிப்பு. இதுதான் நீங்கள் எழுதிய "வளையும் கண்ணாடி". கண்ணாடிதான், வளையவும் வளையும். ஆனால் அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் தாள் ஒட்டித்தான் விற்கிறார்கள், உங்கள் நகம் படுவது அந்தத் தாளில். நகத்தால் அழுத்தினால் தடம் விழும், ஒரு மணல் துகள் நடுவில் மாட்டிக்கொண்டு போனை மூடினால் கதை முடிந்தது.

உடையாத திரை என்று சொன்னால் சனம் சுத்தியலால் அடித்துப் பார்க்கும். 2019 ஏப்ரலில் என்ன நடந்தது? சம்சுங்கின் முதல் மடக்கு போனைப் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்த பத்திரிகையாளர்களில் சிலர், திரைமேல் இருந்த தாளைப் புதுப் போனில் ஒட்டி வரும் காப்புத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். திரை செத்தது. உரிக்காதவர்களிடமும் சிலது செத்தது. விற்பனையை நிறுத்தி, திருத்தங்கள் செய்து, செப்டெம்பரில்தான் மறுபடி விட்டார்கள். அமெரிக்காவில் 1,980 டொலர் விலை போட்ட சாமான் அது. உரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். புதுப் போன் வாங்கிய சந்தோஷத்தில் அந்தத் தாளை உரிக்காத ஒரு மனுசனை நான் இந்தக் கடையில் பார்த்ததில்லை.

மடிப்பதும் சுருட்டுவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு நான் காட்டும் ஒரு வேலை இருக்கிறது, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துப் பாதியாக வளைத்துப் பாருங்கள், பக்கங்களின் ஓரம் படிக்கட்டுபோலச் சறுக்கி நிற்கும். வெளிப்பக்கத் தாள் அதிகத் தூரம் சுற்ற வேண்டும், உள்பக்கத் தாள் கொஞ்சத் தூரம். இப்போது எல்லாப் பக்கத்துக்கும் பசை பூசிக் காயவைத்து வளைத்தால் என்ன ஆகும்? வெளித்தாள் இழுபட்டுக் கிழியும், உள்தாள் கசங்கும். திரையும் பல தாள் ஒட்டிய கொப்பிதான். அதனால் தாள்களுக்கு நடுவில் இறுகாத, வழுக்கிக்கொடுக்கும் ஒரு கம் போடுகிறார்கள். மடக்கு போனில் அத்தனை இழுவையும் ஒரே கோட்டில் விழுகிறது, அதனால்தான் நடுவில் அந்தப் பள்ளம். சுருட்டும்போது இழுவை பரவிப்போகும், வளைவும் பெரிதாக இருக்கும், ஆகவே பள்ளம் விழாது. இந்த ஒரு விஷயத்தில் சுருட்டுவதுதான் கெட்டித்தனம். ஆனால் அதற்கு மோட்டார் வேண்டும், தண்டவாளம் வேண்டும், விரித்த பிறகு தொய்யாமல் பின்னால் தாங்கிக்கொள்ளப் பட்டைகள் வேண்டும், ஏறக்குறைய என் கடை ஷட்டரைப்போல. என் கடை ஷட்டர் வருஷத்தில் இரண்டு தடவை சிக்கிக்கொள்ளும், நான் கிரீஸ் தடவி உதைப்பேன். சுருள் திரையை யார் உதைப்பது?

இன்னொன்று, இந்தச் சாமான் "வரப்போகிறது" என்ற செய்தி பழைய செய்தி. நெதர்லாந்தில் பிலிப்ஸ் கம்பனியிலிருந்து பிரிந்த பொலிமர் விஷன் என்ற ஒன்று, 5 அங்குல மின்தாள் திரையை (கிண்டில் வாசிப்புக் கருவியில் இருப்பது போன்றது) சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைக்கும் சாதனத்தை ஐபோன் வந்த அதே காலத்தில் காட்டியது. பேர் ரீடியஸ். 2009இல் காசில்லாமல் முடங்கியது, தாய்வானின் விஸ்ட்ரோன் வாங்கி நடத்தி, 2012இல் மூடிவிட்டது. 2018 கடைசியில் உலகின் முதல் மடக்கு போனை விற்பனைக்கு விட்டது நாம் கேள்விப்பட்ட பெரிய கம்பனி எதுவும் இல்லை, ரோயோல் என்ற சீனாக் கம்பனி. அதுவும் பிறகு வங்குரோத்து. எல்ஜி 2021 ஜனவரியில் இழுத்தால் விரியும் சுருள் போன் ஒன்றை மேடையில் காட்டிக் கைதட்டு வாங்கியது, அதே வருஷம் ஏப்ரல் 5ஆம் திகதி போன் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இப்போது கடைக்கு வந்திருப்பது லெனோவோவின் சுருள் மடிகணினி, 2025இல் காட்டினார்கள், பொத்தானை அமுக்கினால் விசைப்பலகைக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மிச்சத் திரை மேலே எழும்பி 14 அங்குலம் 16.7 ஆகும், அப்போது அறிவித்த தொடக்க விலை 3,499 டொலர். நம் காசில் பத்து இலட்சத்துக்கு மேல், வரி வேறு.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நான் காணொளியை நாலு தடவை பார்த்தேன்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை கொழும்பிலிருந்து எழுதப்பட்டது என்பது இதைச் சொல்லாமல் விட்டதிலேயே தெரிகிறது. எங்கள் ஊர் நாலாயிரம் அடிக்கு மேலே. கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையிலேயே அதிகம் மழை விழும் இடம். மே மாதம் தொடங்கினால் செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், தீப்பெட்டி பற்றாது. கொழுந்து எடுக்கும் அக்காமார் போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி, அதை இன்னொரு பேக்கில் சுற்றி, இடுப்பில் கட்டும் படங்குக்கு உள்ளே செருகி வைப்பார்கள். அப்படியும் வாரத்துக்கு நாலைந்து போன் ஈரம் குடித்து என் மேசைக்கு வரும். சிவனொளிபாதமலை சீசனில் கேட்கவே வேண்டாம்.

ஓ.எல்.ஈ.டி.யின் பரம எதிரி ஈரம். அந்த ஒளிரும் பூச்சும் அதன்மேல் உள்ள மெல்லிய உலோகமும் தண்ணீர், ஒட்சிசன் இரண்டையும் தாங்காது. எவ்வளவு தாங்காது என்றால், ஒரு சதுர மீற்றர் மூடி வழியாக ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி உள்ளே போகக்கூடாது என்று இந்தத் துறையில் அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் தாள் வழியாகக் கிராம் கணக்கில் போகும். கண்ணாடி வழியாகப் போகவே போகாது, ஆனால் கெட்டிக் கண்ணாடியை மூடியாகப் போட்டால் சுருட்ட முடியாது. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வறுத்து எடுத்த தேயிலை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும், அதனால்தான் அந்தக் காலத்தில் மரப்பெட்டிக்குள் உலோகத்தாள் விரித்துத் தேயிலையைக் கொட்டி மூடினார்கள். இங்கே உலோகத்தாளை விரித்தால் படம் தெரியாதே. ஆகவே கண்ணாடிபோன்ற ஒரு பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் ஒரு பிசின் படலம், மறுபடி கண்ணாடிப் படலம் என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். ஒரு படலத்தில் ஊசித்துளை இருந்தால் அடுத்த படலத்தின் துளை அதற்கு நேரே அமையாது. லயத்துக் கூரையில் ஓட்டைத் தகரத்துக்கு மேலே தார் ஷீட் விரித்து, அதற்கு மேலே இன்னொரு ஓட்டைத் தகரம் போடுகிறோமே, அதே யுக்தி. தண்ணீர் வழி கண்டுபிடித்து உள்ளே வர நேரம் எடுக்கும். வராமல் இருக்காது, நேரம் எடுக்கும்.

அந்த மூடியில் ஒரு கீறல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை, உயர்தரம் படிக்கிறவள், போனைக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை திரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு கறுப்பு. "இது பரவாதுதானே அங்கிள்?" என்று கேட்டாள். பரவும் என்றேன், காசு சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனாள். வியாழக்கிழமை வந்தபோது அது ஐந்து ரூபாக் குற்றி அளவு, அதைச் சுற்றி ஊதாநிறத்தில் ஒரு வளையம், வெள்ளைச் சட்டையில் மை கொட்டினதுபோல. அடுத்த கிழமை பாதித் திரை. விழுந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் பஸ்ஸில் மடியிலிருந்து. இது வளையாத போன், இரண்டு பக்கமும் மூடி இறுக்கியது. இதே பூச்சை ஒரு நாளைக்கு நூறு தடவை சுருட்டி விரித்தால், அதுவும் வட்டவளை மழையில், எத்தனை வருஷம் ஓடும் என்று விற்கிறவர் எழுத்தில் தருவாரா என்பதுதான் என் கேள்வி. மடக்கு போனை இரண்டு இலட்சம் தடவை மடக்கிப் பார்த்தோம் என்று கம்பனிகள் சொல்கின்றன, நம்புகிறேன், அந்த யந்திரம் மூடுபனிக்குள் நின்றா மடக்கியது?

அப்புறம் திருத்துகிற கதை. பெட்டி டிவி காலத்தில் ஒரு கண்டென்சர், ஒரு டிரான்ஸிஸ்டர், ஈயம் பற்றவைத்தால் எழும்பிவிடும், ஷொக் அடித்தால் மட்டும் கவனம். டச் போன் வந்த புதிதில் மேல் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். சூடான தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே அறுத்து, பழைய கம்மைத் துடைத்து, புதுக் கம் போட்டு ஒட்டினால் வாடிக்கையாளருக்கு மூன்றில் ஒரு பங்குச் செலவில் முடிந்துவிடும். பிளாஸ்டிக் திரை வந்ததும் கம்பி கண்ணாடியை விட்டுவிட்டுத் திரையையே அறுத்தது. நாலு திரையைப் பாழாக்கி, நாலு பேருக்குக் கையிலிருந்து காசு கட்டிய பிறகுதான் நானும் அந்த வேலையை விட்டேன். உறையவைத்துப் பிரிக்கும் யந்திரம் இருக்கிறது, கொழும்பில் சிலரிடம் உண்டு, என் கடைக்கு அது கட்டாது. மடக்கு போனில் கண்ணாடி வேறு, திரை வேறு என்ற பேச்சே இல்லை, பெரும்பாலும் உள்திரை, சட்டம், கீல் எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாகத்தான் மாற்ற வேண்டும். சுருள் திரை என்றால் மோட்டாரும் சேர்ந்துகொள்ளும்.

கட்டாரில் சாரதி வேலை செய்து திரும்பிய ஒருவர் மடக்கு போன் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. அங்கே பாதி விலைக்குக் கிடைத்த பாவித்த போன். ஊருக்கு வந்து மூன்றாவது மாதம் மடிப்புக்கோட்டில் ஒரு பச்சைக் கோடு, ஒரு கிழமையில் பாதித் திரை கறுப்பு. நான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எனக்குத் தெரிந்த ஐந்து கடைக்கு அழைத்தேன். மூன்று கடையில் இல்லை. ஒருவர் "அதுக்கு டூப்ளிகேட் கொப்பியே வராதுண்ணே" என்று சிரித்தார். மற்றவர் சொன்ன விலைக்குப் புதிதாக ஒரு நல்ல போன் வாங்கிவிடலாம், அதுவும் முழுக் காசையும் முன்னால் கட்டினால் இரண்டு மாதத்தில் எடுத்துத் தருவாராம், வந்தபிறகு வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுக்க மாட்டாராம். உத்தரவாதத்துக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டால், வாங்கிய நாட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கட்டாருக்குப் போகிற டிக்கெட் காசில் இன்னொரு போன்!

இப்போது அந்தச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20ஆம் திகதியிலிருந்து போன்களுக்கும் டெப்லெட்டுகளுக்கும் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது, இலக்கம் 2023/1670. ஒரு மாதிரியை விற்பதை நிறுத்திய பிறகும் ஏழு வருஷத்துக்குத் திரை உட்பட முக்கியமான உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும், கேட்டால் ஐந்து முதல் பத்து வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும், திருத்தும் தகவலும் தர வேண்டும். படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான். மடக்கு போனும் இதற்குள் அடங்குகிறது. ஆனால் அதே விதியின் முதல் பகுதியில், யாருக்கு இது பொருந்தாது என்ற இடத்தில் ஒரு வரி இருக்கிறது: பாவிப்பவர் பகுதியாகவோ முழுதாகவோ சுருட்டி விரிக்கக்கூடிய முதன்மைத் திரை கொண்ட சாதனங்களுக்கு இந்த விதி இல்லை. அதாவது நீங்கள் முழுப்பக்கத்தில் புகழ்ந்திருக்கிறீர்களே, அதற்கு இல்லை. இன்னும் சந்தைக்குச் சரியாக வராத சாமானுக்கு எப்படி விதி எழுதுவது என்று விட்டிருக்கலாம், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பாவனையாளர் உரிமை என்றால் உலகமே திரும்பிப் பார்க்கிற ஐரோப்பாவிலேயே அதற்குக் காவல் இல்லை என்றால், பழையதும் மிஞ்சியதும் கப்பலேறி வருகிற நம் நாட்டில் என்ன நிலைமை?

நம் நாட்டிலும் ஆளில்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அரிசி விலையைப் பிடிக்க வருகிறார்கள், நல்ல விஷயம். மடக்கும், சுருட்டும் சாமான்களை இறக்குமதி செய்கிறவர் திரையின் விலை என்ன, எத்தனை வருஷத்துக்கு எடுத்துத் தருவேன், ஈரம் பட்டால் பொறுப்பா இல்லையா என்ற மூன்றையும் பெட்டிமேல் எழுத வேண்டும் என்று ஒரு பணிப்புரை போட்டால் போதும், அதற்கு யந்திரமும் வேண்டாம் கட்டடமும் வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதட்டும். இப்போது உத்தரவாத அட்டை ஆங்கிலத்தில், கடைசி வரியில், எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கிறது, என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதை என்னிடம்தான் படிக்கச் சொல்கிறார்கள், நானும் கண்ணாடி போட்டும் தடுமாறுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த முறை புதுச் சாதனம் ஒன்றைப் பற்றி எழுதும்போது அதன் விலையோடு திரையின் விலையையும் போடுங்கள். வாகனம் வாங்குகிறவர் டயர் விலை கேட்பதில்லையா? அதோடு, பாடப்புத்தகத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள் என்று கடைசிப் பந்தியில் கனவு கண்டிருக்கிறீர்கள், அந்தக் கனவு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்கு ஓ.எல்.ஈ.டி. வேண்டாம். மின்தாள் என்று ஒன்று இருக்கிறது, மேலே சொன்ன ரீடியஸில் இருந்ததும் அதுதான், கிண்டிலில் இருப்பதும் அதுதான். கறுப்பு, வெள்ளைத் துகள்களை மின்சாரத்தால் மேலும் கீழும் தள்ளி எழுத்தைக் காட்டும், பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் குடிக்கும், வெயிலில் அச்சுத்தாள்போலத் தெரியும். பிளாஸ்டிக்மேல் செய்த மின்தாளை 13.3 அங்குல அளவில் சோனி பத்து வருஷத்துக்கு முன்பே விற்றது, காகித அட்டைபோல இலேசாக வளையும். மின்சாரம் வந்து வந்து போகிற தோட்டத்துப் பிள்ளைக்கு எது உதவும் என்று உங்கள் நிருபர் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து பார்த்து எழுதினால் தேத்தண்ணி என் கணக்கு.

கட்டார் அண்ணனின் போன் மூன்று மாதம் என் லாச்சியில் கிடந்தது. போன சனிக்கிழமை வந்து, "பரவாயில்ல தம்பி, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். உள்திரை செத்தாலும் வெளியில் இருக்கும் குட்டித் திரை வேலை செய்கிறது, அழைப்பு எடுக்கலாம், படம் பார்க்கலாம். அதனால் அதை மூடியபடியே பாவிக்கிறார். தவறித் திறந்துவிடக்கூடாது என்று குறுக்கே ஒரு ரப்பர் பட்டி போட்டிருக்கிறார், மாத்திரைப் பொட்டலத்துக்குப் போடுகிற அந்த மஞ்சள் பட்டி.

இப்படிக்கு,
போன் திருத்தும் வாசகர் ஒருவர்,
ஹட்டன்.